நோயை மட்டும் தாக்கும் மருந்தைத் தேடியவர்

நோய் இருப்பது ஓரிடம். மருந்து பரவுவதோ உடல் முழுவதும். இதனால் நல்ல உறுப்புகளும் அடிபடுகின்றன. இக்குறையைப் போக்க வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர் டாக்டர் பால் எர்லிக்.

அன்றைய பிரஷ்யாவில், இன்று போலந்தில் உள்ள ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் 1854 மார்ச் 14-ம் தேதி யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படிக்கும்போதே சாயங்களின் மீது அவருக்குத் தீராத மோகம். சில சாயங்கள் சில அணுக்களில் மட்டுமே ஒட்டுவதைக் கண்டார். சாயம் இடம் பார்த்து ஒட்டுமானால், விலாசம் எழுதிய பார்சல் போல மருந்தும் கிருமியிடம் மட்டும் போய்ச் சேராதா? இந்த எண்ணத்துக்கு அவர் சூட்டிய பெயர் மாயக்குண்டு.

1882-ல் காசநோய்க் கிருமிக்குச் சாயமேற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். பின்னர் அந்நோயே அவரைப் பற்றியது. எகிப்து சென்று தங்கி, உடல் தேறித் திரும்பினார். தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரத்தின் வீரியத்தை அளக்க வழி கண்டார். 1908-ல் மெக்னிகாஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிராங்பர்ட் நகரில் பாஷாணம் கலந்த மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தார். பயனற்றதென ஒதுக்கப்பட்டிருந்த 606-ம் எண் மருந்தை, உடன் பணியாற்றிய ஜப்பானியர் சஹாச்சிரோ ஹாட்டா 1909-ல் மீண்டும் சோதித்தார். மேகநோய் கண்ட முயல்கள் குணமடைந்தன! 1910-ல் அம்மருந்து சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆனால் பாஷாணம் பாஷாணம்தானே? சிலருக்குக் கடும் பக்கவிளைவுகள் ஏற்பட்டன. ஏச்சும் அவதூறும் எழுந்தன. எர்லிக் தளராமல், 1912-ல் கையாளச் சுலபமான நியோசால்வர்சானைக் கொணர்ந்தார். 1915 ஆகஸ்ட் 20-ம் தேதி, 61-ம் வயதில் காலமானார். 1940-களில் பெனிசிலின் வந்ததும் அவரது மருந்து ஓய்ந்தது, எண்ணம் ஓயவில்லை.

இன்று விஞ்ஞானிகள் பாலிமர் இழைகளைக் கொண்டு அப்பணியைத் தொடர்கின்றனர். இழையின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை வெறுக்கும். நீரில் இட்டால் வெறுக்கும் முனைகள் உள்ளே ஒளிந்துகொள்ள, இழைகள் தாமாகவே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுருண்டைகளாகத் திரள்கின்றன. உள்ளே மருந்தை அடைத்து, சிறுகச் சிறுகக் கசியச் செய்யலாம். பாலிமரின் தன்மையை மாற்றினால் கசியும் வேகமும் மாறும். இத்தகைய உருண்டையில் வைத்த புற்றுநோய் மருந்தொன்றைத் தென்கொரியா 2007-ல் அனுமதித்தது.

எனினும், உருண்டைகளில் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. பார்சல் முழுதாக விலாசம் சேரவில்லை. எர்லிக் தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை.