தியோடர் மொம்ஸன்

ராஜாங்கத்தின் பணத்தைப் பெற்றுக்கொண்டு ராஜாங்கத்தையே எதிர்த்துப் பேசலாகுமா என்னும் கேள்வி, பொதுவாழ்வில் இறங்கிய வித்வான்களை எல்லாத் தேசங்களிலும் உறுத்தி வந்திருக்கிறது. இக்கேள்விக்குத் தமது வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் ஜெர்மானிய சரித்திராசிரியர் தியோடர் மொம்ஸன். ரோமாபுரியின் சரித்திரத்தை எழுதி 1902-ம் வருஷத்தின் நோபெல் இலக்கியப் பரிசைப் பெற்றவர் என்றே உலகம் அவரை அறியும். அந்நூலினும் பெரிய காரியம் ஒன்றை அவர் நடத்தினார். அது ஒரு மனிதரின் உழைப்பாலோ, ஒரு தனவந்தரின் கொடையாலோ ஆகக்கூடியதன்று.

ஷ்லெஸ்விக் பிரதேசத்தில் கார்டிங் என்ற சிற்றூரில், எளிய பாதிரியார் ஒருவரின் புதல்வராக 1817 நவம்பர் 30-ந் தேதி மொம்ஸன் பிறந்தார். அப்பிரதேசம் அக்காலத்தில் டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கீல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்று 1843-ல் பட்டம் பெற்ற அவருக்கு, இத்தாலி சென்று ஆராய்வதற்கு யாத்திரைச் சம்பாவனை அளித்தது டேனிஷ் அரசாங்கமே. 1848-ல் டென்மார்க்குக்கு விரோதமாக அங்குள்ள ஜெர்மானியர் கிளர்ந்தெழுந்தபோது, அவர் ரெண்ட்ஸ்பர்க் நகரில் பத்திரிகை எழுத்தாளராக அமர்ந்து அக்கிளர்ச்சியை ஆதரித்தார். இதை நன்றிகெட்ட செயல் என்பாரும் உண்டு. கல்விக்கு அளிக்கும் பொருள் நாவுக்கு இடும் பூட்டன்று என்பதே நமது அபிப்பிராயம்.

இத்தாலிய யாத்திரையில்தான் அவருடைய வாழ்நாட் பணி உருவாயிற்று. ரோமானியர் ஆண்ட நிலமெங்கும் கல்லறைகளிலும் பாலங்களிலும் மைல்கற்களிலும் வெண்கலத் தகடுகளிலும் லத்தீன் சாஸனங்கள் சிதறிக் கிடந்தன. முன்னோர் எடுத்து வைத்த பிரதிகளில் பிழைகள் மலிந்திருந்தன. போதாக்குறைக்கு, 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பிர்ரோ லிகோரியோ போன்றவர்கள் இல்லாத சாஸனங்களைத் தாமே புனைந்து ஏடுகளில் ஏற்றியிருந்தனர். ஸான் மரீனோ மலையில் வசித்த பொர்கேஸி என்ற முதியவரைக் குருவாகக் கொண்ட மொம்ஸன், கல்லை நேரில் கண்டு படிப்பதே முறை என்று உறுதி பூண்டார்.

சாஸனங்கள் அனைத்தையும் இம்முறையில் திரட்ட வேண்டுமென்று 1847-ல் பெர்லினிலிருந்த பிரஷ்ய விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். கழகத்தார் இசையவில்லை. அச்சான நூல்களைக் கொண்டு ஊரில் இருந்தபடியே தொகுக்கலாமென்ற ஸும்ப்ட் என்பவரிடம் அவர்களுக்குச் சார்பு இருந்தது. மொம்ஸன் வாதாடிக் காலங்கழிக்கவில்லை. நேபிள்ஸ் ராஜ்யத்துச் சாஸனங்களைத் தாமே தொகுத்து 1852-ல் வெளியிட்டார். மாதிரியைக் கண்ட பிறகே கழகத்தார் பெரிய வேலையை அவரிடம் ஒப்புவித்தனர். இதற்குள், ஸாக்ஸனி தேசத்து ராஜீயக் கிளர்ச்சியில் சேர்ந்த குற்றத்துக்காக 1851-ல் லைப்ஸிக் சர்வகலாசாலை உத்தியோகத்தை அவர் இழந்திருந்தார் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஓர் அரசாங்கம் தள்ளிய மனிதரை மற்றோர் அரசாங்கத்தின் கழகம் ஏற்றது.

வேலை நடந்த விதம் கவனிக்கத்தக்கது. ரோம் நகரத்துச் சாஸனங்களை ஹென்ஸென் ஏற்றார். கிறிஸ்தவப் புராதன ஆராய்ச்சியில் தேர்ந்த இத்தாலியரான டி ரோஸி துணை நின்றார். ஸ்பெயினுக்கும் பிரிட்டனுக்கும் ஹூப்னர், பொம்பேயி நகரத்துச் சுவரெழுத்துக்களுக்கு ஸாங்கமைஸ்டர், ஆப்பிரிக்காவுக்கு வில்மன்ஸ் என்று சாம்ராஜ்யத்தையே பங்கிட்டுக்கொண்டனர். ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் தட்டிப் பதித்து அச்செடுத்தார்கள். முதற்பாகம் 1863-ல் வெளிவந்தது. இன்று அத்தொகுதி 17 பாகங்களாகி, சுமார் 1,80,000 சாஸனங்களைக் கொண்டிருக்கிறது. வேலை இன்னும் முடியவில்லை. நம் நாட்டில் கன்னிங்ஹாம் 1877-ல் அசோகரின் சாஸனங்களைத் தொகுத்த நூலுக்கும் இதையொத்த லத்தீன் பெயரே இடப்பட்டது.

மான்யத்தை ஒருவர் கைக்குக் கொடாமல் கழகத்தின் கையில் கொடுத்ததே இதன் சூட்சுமம். தலைவர் மாறினாலும் மாண்டாலும் வேலை நிற்பதில்லை. 1890-ல் ஹார்னாக் என்ற பண்டிதரைக் கழகத்துக்கு வரவேற்றபோது மொம்ஸன் இதை விளக்கினார்: பெரிய ராஜ்யமும் பெரிய தொழிலும் போலப் பெரிய ஆராய்ச்சியும் காலத்தின் தேவை, பலர் செய்ய ஒருவர் நடத்துவது அது, அதற்கும் முதல் வேண்டும். தொழிற்சாலையில் போலவே, வாழ்நாள் முழுவதும் பிரதியெடுத்தும் ஒத்துப்பார்த்தும் மறைந்த இளைஞர்களின் பெயர்களை இன்று பண்டிதர் தவிர எவரும் அறியார். இக்குறையை நாம் மறைப்பதற்கில்லை.

1874 முதல் 1895 வரை கழகத்தின் காரியதரிசிகளுள் ஒருவராக இருந்து, ஆண்டுதோறும் மந்திரிகளிடம் பொருள் கேட்டவர் இவரே. அக்காலத்திலேயே 1881-ல் ஜெர்மன் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு பிஸ்மார்க்கை எதிர்த்தார். பிரதம மந்திரியின் பொருளாதாரக் கொள்கையை மோசடி எனக் கூறியதாக அவர்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது, 1882-ல் விடுதலையானார். சாஸனத் தொகுதி நிற்கவில்லை. 1880-ல் யூதர்மீது துவேஷத்தைப் பரப்பிய ட்ரைட்ஷ்கேயை, தம்முடன் ஒரே சர்வகலாசாலையில் பணியாற்றியவர் என்றும் பாராமல் கண்டித்தார். 1901-ல் ஸ்ட்ராஸ்பர்க் சரித்திர ஆசிரியர் பதவி ஒன்று மதத்தை முன்னிட்டு நிரப்பப்பட்டபோது வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அந்நியமனத்தைச் செய்வித்தவர், இவருடைய ஆராய்ச்சிகளுக்கு மான்யம் கிடைக்கப் பல வருஷம் உதவிய அல்தோப் என்ற அதிகாரியே!

தேசாபிமானம் அவருடைய கண்ணை மறைத்த இடங்களும் உண்டு. 1870 யுத்தத்தில் பிரான்ஸுக்கு விரோதமாக இத்தாலியருக்குப் பகிரங்கக் கடிதங்கள் விடுத்தார். பிரெஞ்சுப் பண்டிதர்களுடன் பல வருஷம் பழகி வளர்த்த ஒத்துழைப்பு சிதைந்தது. 1897-ல் ஆஸ்திரிய ஜெர்மானியருக்கு எழுதியதில், தம் மொழிக்கு உரிமை கேட்ட செக் மக்களை முரட்டுத்தனமாக இழித்தார். உரிமைக்குப் போராடும் எந்த ஜாதியாரும் இதை மன்னிக்க நியாயமில்லை.

ஆயினும் பல தேசத்துக் கழகங்கள் 1899-ல் ஒரே சங்கமாக இணைந்ததில் அவருடைய முயற்சிக்கும் பங்குண்டு. 1914 யுத்தம் அச்சங்கத்தைச் சிதறடித்ததைக் காண அவர் இல்லை. 1903 நவம்பர் 1-ந் தேதி காலமானார். 1899-ல் அவர் எழுதிவைத்த மரண சாஸனக் குறிப்பு ஒன்று 1948-ல்தான் வெளியாயிற்று. உள்ளத்தால் தாம் என்றுமே ராஜீய மனிதர் என்றும், சுதந்திரமுள்ள பிரஜையாக வாழ விரும்பியும் தமது தேசத்தில் அது கூடவில்லை என்றும் அதில் கண்டிருந்தது.