பூட்டில் இல்லாத பெயர்

பழம்பெட்டகம் ஒன்று கைக்குக் கிடைத்தால் நாம் முதலில் தேடுவது என்ன? அதன் பூட்டைச் செய்தவர் யார் என்பதைத்தான். துருவைத் துடைத்து முகப்பிலே பெயர் உண்டா என்று பார்ப்போம். பெயரும் முகவரியும் கிடைத்தால் மகிழ்வோம். திறவுகோலின் வடிவமும் நல்லதொரு சான்று. சிறு குழாய் போன்ற திறவுகோல். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டிய பிளவுகள். முகப்பிலே இலண்டன், பிக்காடிலி, 124 என்னும் முகவரி. இவை யாவும் பொருந்தினால், இது பிராமா பூட்டு என்று துணிந்து கூறிவிடலாம்.

ஆனால், பிராமா பூட்டைச் செய்த கை பிராமாவின் கைதானா? இந்த வினாவுக்கு விடை தேடினால் வேறொரு மனிதரின் வாழ்க்கை நம் கண்முன் விரிகிறது. அவர்தாம் ஹென்றி மாட்ஸ்லே.

தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள வுலிச்சில் 1771-ஆம் ஆண்டு பிறந்தார் அவர். தந்தை அங்குள்ள படைக்கலச் சாலையில் பணியாற்றியவர். மைந்தனுக்கு ஒன்பது வயது ஆகுமுன்னரோ ஆன பின்னரோ என்னும் இளம் பருவத்திலேயே தந்தை மறைந்தார். பள்ளியில் பயில வேண்டிய பன்னிரண்டாம் வயதில், அதே படைக்கலச் சாலையில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் வேலை கிடைத்தது. பின்னர்த் தச்சுப் பட்டறைக்கு மாறினார். ஆயினும் மரத்தைக் காட்டிலும் இரும்பே அவர் மனத்தைக் கவர்ந்தது. பதினைந்தாம் வயதில் கொல்லுலைக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளில் அவருடைய கைத்திறன் இலண்டன் வரை பேசப்பட்டது.

இலண்டனில் ஜோசப் பிராமா ஒரு சிக்கலில் தவித்துக்கொண்டிருந்தார். அவர் 1784-இல் புதியதொரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். அந்தப் பூட்டினுள் பல தகடுகள் உண்டு. ஒவ்வொன்றையும் திறவுகோல் அதற்குரிய ஆழத்துக்கு அழுத்த வேண்டும். எல்லாத் தகடுகளின் வெட்டுகளும் ஒரே நேரத்தில் நேர்நின்றால்தான் உருளை சுழலும். ஒன்று மயிரிழை பிசகினாலும் பூட்டு அசையாது. எண்ணம் அருமையானது, ஆனால் அத்தனை நுட்பமாக அதைக் கையால் செய்து, மக்கள் வாங்கக்கூடிய விலைக்குக் கொடுப்பது எப்படி?

1789-இல் பதினெட்டு வயது மாட்ஸ்லே பிராமாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். பூட்டைச் செய்யும் முன் பூட்டுச் செய்யும் பொறிகளைச் செய்தார். தகடு நழுவும் பள்ளங்களை அறுக்க ஒரு பொறி. வில்சுருள் சுற்ற ஒரு பொறி. விரல்களின் திறமையைப் பொறியிடம் ஒப்படைத்தார் எனலாம். விரைவிலேயே பட்டறையின் மேற்பார்வையாளராக உயர்ந்தார்.

அந்நாளில் பிராமாவின் கடைச் சாளரத்தில் ஒரு பூட்டு தொங்கவிடப்பட்டது. அதனுள் பதினெட்டுத் தகடுகள். கருவி செய்து இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிப்பும் வைக்கப்பட்டது. அந்தப் பூட்டை உருவாக்கிய கை மாட்ஸ்லேயின் கை. முகப்பில் விளங்கிய பெயரோ பிராமாவின் பெயர்.

1797-இல் மாட்ஸ்லேயின் ஊதியம் வாரம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகியது. கூலியை உயர்த்துமாறு கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வெளியேறி, தமக்கென ஒரு சிறு பட்டறையை அமைத்துக்கொண்டார். சில ஷில்லிங்குகளை மிச்சப்படுத்தப் போய் ஈடற்ற ஒரு கைவினைஞரை இழந்தார் பிராமா!

அக்காலத்தில் ஒரு திருகாணிக்குச் செய்த மரை மற்றொரு திருகாணிக்குப் பொருந்தாது. மாட்ஸ்லே 1800-ஆம் ஆண்டளவில் அமைத்த லேத்து எத்தனை முறை வெட்டினாலும் ஒரே அளவான புரிகளை வெட்டித் தந்தது. அடுத்து, மார்க் புரூணல் வகுத்த திட்டத்தின்படி போர்ட்ஸ்மத் கப்பல் தளத்துக்குக் கப்பிகள் செய்யும் பொறிகளை நாற்பதுக்கு மேல் செய்தளித்தார். 110 கைத்தொழிலாளர் செய்த வேலையை அங்கே பத்துப் பேர் செய்தனர். தம் பட்டறையில் அளவு பற்றிய வழக்குகளைத் தீர்க்க நுண்ணளவி ஒன்றையும் வைத்திருந்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர், அந்நாளில் நீதித்துறையின் தலைமைப் பதவியைக் குறித்த 'லார்டு சான்சலர்'. அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது!

தாம் பட்ட குறையைப் பிறர் படக்கூடாது என்று எண்ணினாரோ என்னவோ, தம்மிடம் வந்தவர்களை அவர் வளர்த்துவிட்டார். விட்வொர்த், நாஸ்மித், ராபர்ட்ஸ் ஆகியோர் அவர் பட்டறையில் பயின்றவர்களே. பின்னாளில் மூவரும் தத்தம் பெயரால் புகழ்பெற்றனர். 1831-இல் மாட்ஸ்லே மறைந்தார். பிறந்த வுலிச்சிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சாளரத்துப் பூட்டு அப்போதும் திறக்கப்படவில்லை. 1851-இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியின்போதுதான் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் அதைத் திறந்தார். பதினாறு நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்தே அவரால் திறக்க முடிந்தது. ஓர் இளைஞரின் கைத்திறன் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தோற்காமல் நின்றது.

பிராமாவின் புகழை நாம் குறைக்க வேண்டியதில்லை. எண்ணம் அவருடையது. ஆனால் எண்ணத்துக்கு உடல் கொடுத்தவரை மறப்பது நீதியன்று. பொறியியல் பயிலும் தோழர்களே! நாளை பட்டறையில் லேத்தின் முன் நிற்கும்போது, அந்த மனிதரை ஒருமுறை நினையுங்கள். பொருளின் மேல் பொறித்திருப்பது கடையின் பெயர். செய்தவரின் பெயரை அறிய, வேலையின் நுட்பத்தைத்தான் பார்க்க வேண்டும்.