அருணந்தி சிவாசாரியரும் அளவையும்

சிவஞான சித்தியாரும் இருபா இருபஃதும் அருளிய அருணந்தி சிவாசாரியர், கி.பி. 13-ஆம் நூற்றாண்டில், திருத்துறையூரில் ஆதிசைவ மரபில் தோன்றியவர். ஆகமம் அனைத்தும் கற்றுத் தெளிந்தமையின் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றார். அவர்தம் வரலாறாக நாம் அறிவன பெரும்பாலும் வழிவழிச் செய்தியே. அளவை நூலார் அதனை ஐதிகம் என்பர். நம் ஆசிரியரோ ஐதிகத்தைத் தனியளவையாகக் கொண்டிலர். ஆதலின் அவர் வரலாற்றை ஓதுமிடத்தும் அவ்வரம்பை நாம் மறத்தலாகாது.

பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தியபோது, திருமுறையிற் கயிறு சாத்தித் திருவெண்காட்டுப் பதிகம் வரக் கண்டு, அத்தலத்தை வழிபடுமாறு பணித்தவர் இவரே என்ப. அவ்வாறு பிறந்த பிள்ளை, பரஞ்சோதி முனிவர்பால் உபதேசம் பெற்றுத் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டாராய் விளங்கிற்று. தம் மாணாக்கர் அங்குச் சென்று பாடங் கேட்டல் பொறாது, குலகுருவாகிய பண்டிதர் தாமும் சென்றார். ஆணவமலத்தின் இயல்பு அப்போது விளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் வடிவு யாதென இவர் வினவ, மெய்கண்டார் விடையொன்றும் மொழியாது இவரையே முடிமுதல் அடிவரை விரலாற் சுட்டினார். பண்டிதர் அடிவீழ்ந்து மாணாக்கராயினார்.

சிவஞானபோதத்துப் பன்னிரு சூத்திரத்துள் அளவைக்கெனத் தனிச் சூத்திரம் இல்லை. அதனை விரிக்கப் புகுந்த இவரோ, பரபக்கத்திற் பதினான்கு மதங்களை மறுத்தபின், சுபக்கத்தின் தலையில் அளவையை வைத்தார். பிறர் பத்தெனக் கூறும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்கினார். குற்றியோ மகனோ என்னும் ஐயமும், இப்பியை வெள்ளியென்னும் திரிவும் காட்சியாகா என விலக்கினார். உளதென்ற மட்டில் அறிவதை, பெயர் சாதி குணம் கன்மம் பொருள் என்பவற்றோடு அறிவதினின்றும் வேறு பிரித்தார். காட்சியோ வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காயிற்று. இத்துணை நுணுக்கம் வறிய தருக்கமென்று இக்காலத்துச் சிலர் தள்ளிவிடுதலை நாம் கண்டிருக்கின்றோம். வரும் அறிவின் தரம் தெரியாதான் எம்மதத்தை மறுப்பான், எதனை நிறுவுவான்?

உரையையும் தந்திரம், மந்திரம், உபதேசம் என அவர் மூன்றாக்கினார். கருமம் கூறுவது தந்திரம். உபாசனை கூறுவது மந்திரம். அநாதியாகிய இறைவன் இயல்பை உணர்த்துவது உபதேசம். நூலுரை யாவும் தம் கையில் இருக்கவும், தம்மினும் இளையார் ஒருவர்பால் அவர் பெற்றது இம்மூன்றாவதாகிய உபதேசமே. சொல்லுவோன் வயதும் குலமும் உரைக்கு அளவாகாமையை அவர் ஏட்டில் எழுதுமுன் வெண்ணெய்நல்லூரில் அறிந்தனர் என்பது நம் துணிபு.

அவர்பால் உபதேசம் பெற்றவர் மறைஞானசம்பந்தர். அவர்தம் மாணாக்கர் உமாபதி சிவாசாரியர்.