கூகா குரு ராம் ஸிங்

காந்தியடிகள் ஒத்துழையாமைக் கொடியை உயர்த்துவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னரே, அந்நிய ஸர்க்காரின் கோர்ட்டுகளையும் பள்ளிக்கூடங்களையும் துணியையும் தபாலையும் விலக்கி நின்ற ஒரு கூட்டத்தார் பஞ்சாபில் இருந்தனர் என்று தேசபக்தர்கள் மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊரார் அவர்களைக் கூகாக்கள் என்பர். அவர்கள் தங்களை நாமதாரிகள் என்று சொல்லிக்கொள்வர். அவர்களுடைய தலைவரான ராம் ஸிங்கின் சரித்திரம் தமிழ்நாட்டில் பலர் அறியாதது. அவரைத் தேசபக்தர் என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்து, மாலையிட்டு வணங்கிவிட்டுப் போவது சுலபமே. ஆனால் அவருடைய வாழ்க்கை அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குவதாக நமக்குத் தோன்றவில்லை.

லூதியானா ஜில்லாவில் பைணி என்னும் சிற்றூரில், 1816-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், ஒரு தச்சர் குடும்பத்தில் ராம் ஸிங் பிறந்தார். அப்பொழுது பஞ்சாபை ஆண்டவர் மஹாராஜா ரஞ்சித் ஸிங். வாலிபப் பருவத்தில் ராம் ஸிங் சீக்கிய சைனியத்தில் சேர்ந்து, மஹாராஜாவின் பேரர் நௌ நிஹால் ஸிங்கின் படையில் சிப்பாயாக ஊழியம் செய்தார். படைவீட்டிலும் ஜபமும் தியானமுமாகவே அவர் காலங்கழித்தார் என்பது அவருடைய சீடர்கள் சொல்லும் வரலாறு. 1841-ஆம் வருஷத்தில், வடமேற்கு எல்லைப்புறத்தில் ஹஸ்ரோ என்னும் ஊரில் பாலக் ஸிங் என்ற பெரியவரைச் சந்தித்தார். ஆடம்பரமில்லாத வாழ்வையும் இடைவிடாத நாமஸ்மரணத்தையும் போதித்துவந்தவர் பாலக் ஸிங். ராவல்பிண்டிப் பிரதேசத்தில் ஜவாஹர் மல் என்பவர் தொடங்கிய மார்க்கம் அது. அன்று முதல் ராம் ஸிங்கின் உள்ளம் பட்டாளத்தில் நிற்கவில்லை. 1845-ல் ஊழியத்தை விட்டுவிட்டுப் பைணிக்குத் திரும்பினார்.

அவர் திரும்பிய நான்கு வருஷங்களுக்குள் சீக்கிய ராஜ்யம் மறைந்தது. இரண்டு யுத்தங்கள் நடந்தன. 1849-ல் சிறுவரான துலீப் ஸிங் மஹாராஜாவின் சிம்மாசனத்தைக் கம்பெனியார் பறித்துக்கொண்டனர். ராஜ்யம் போனதைவிட மிகுதியாக ராம் ஸிங்கின் மனத்தை வாட்டியது வேறொன்று. குரு கோவிந்த ஸிங் கட்டிவைத்த கால்ஸா மதுவிலும் அபினியிலும் ஆடம்பரத்திலும் மூழ்கிக் கிடந்தது. உயர்குலமென்று பெருமை பேசிய குடும்பங்களில் பெண் சிசுக்களைக் கொல்லும் பாதகம் மலிந்திருந்தது. ஒரு விவாஹத்திற்கு வாங்கிய கடன் மூன்று தலைமுறைகளைத் தின்றது.

1857-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 12-ந் தேதி, வைசாகித் திருநாளன்று, ராம் ஸிங் பைணியில் ஒரு வெண்கொடியை உயர்த்தி, ஐந்து சீடர்களுக்கு அமிர்த தீட்சை கொடுத்து, ஸந்த் கால்ஸாவை ஸ்தாபித்தார். ஒரு மாதம் முடிவதற்குள், மே 10-ந் தேதி, மீரட்டில் சிப்பாய்கள் கிளம்பினர். இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுவோர் உண்டு. நமக்கு அது சம்மதமில்லை. அந்தப் பெரும்போரில் கூகாக்கள் கலந்துகொண்டதற்கு ஆதாரமில்லை. அன்றைய சீக்கிய சமஸ்தானங்களோ ஆங்கிலேயர் பக்கம் நின்றன.

அவர் போதித்ததுதான் என்ன? பொழுது விடியுமுன் எழுந்து தலைமுழுகி நாமஜபம் செய்யவேண்டும். குரு காதில் ஓதும் மந்திரத்தை வெளியே சொல்லலாகாது. மாமிசம், மது, புகையிலை மூன்றையும் அறவே நீக்கவேண்டும். வெண்மையான நாட்டு வஸ்திரமே உடை. கம்பளி நூலில் 108 முடிச்சுகள் இட்ட மாலையே ஆபரணம். தலைப்பாகையை நெற்றியின் குறுக்கே நேராகக் கட்டவேண்டும். கீர்த்தனம் உச்சஸ்தாயியை அடையும்போது சிலர் தம்மை மறந்து கூவுவார்கள். பஞ்சாபியில் கூக் என்றால் கூவுதல். ஊரார் வைத்த கூகா என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

இவற்றைக் காட்டிலும் பஞ்சாபை அதிரவைத்தவை அவர் பெண்களுக்காகச் செய்த காரியங்கள். 1863-ல் ஸ்திரீகளுக்கும் ஆண்களைப் போலவே அமிர்த தீட்சை கொடுக்கத் தொடங்கினார். விதவா விவாஹத்தை ஆதரித்தார். பெண்ணை விற்பதும், சீதனம் கேட்பதும், பால்ய விவாஹம் செய்வதும் தம்மைச் சேர்ந்தவர்களுக்குத் தகாதென்று விலக்கினார். அதே வருஷத்தில் பிரோஸ்பூர் ஜில்லாவிலுள்ள கோட்டே என்ற கிராமத்தில், பிராமணப் புரோகிதர் இல்லாமல், குருவாணியை ஓதிச் சில கலியாணங்களை நடத்திவைத்தார். செலவு சில ரூபாய்களோடு முடிந்தது. கலியாணத் தட்சிணையில் வாழ்ந்தவர்கள் கொதித்தெழுந்து ஸர்க்காரிடம் ஓடினார்கள். ஆனந்த விவாஹம் என்னும் இச்சடங்கு சீக்கியர் அனைவருக்கும் சட்டப்படி செல்லும் என்று 1909-ல் ஒரு சட்டம் பிறந்தது. ஆனால் கூகாக்கள் அக்கினியை வலம் வருகிறார்கள். மற்றச் சீக்கியர் கிரந்தத்தை வலம் வருகிறார்கள். வெளியாருக்கு அற்பமாகத் தோன்றும் இந்த வேற்றுமைக்காக நடந்த வாதங்கள் கொஞ்சமல்ல.

அதிகாரவர்க்கத்தார் 1863-லேயே விழித்துக்கொண்டனர். பைணியை விட்டு வெளியேறக் கூடாதென்று ராம் ஸிங்குக்குத் தடை விதித்து, சில வருஷம் அவரை ஊருக்குள் அடைத்து வைத்தனர். இதன் பலன் விபரீதமாயிற்று. அவர் வெளியே போகாவிட்டாலும் ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஜில்லா ஜில்லாவாக ஸூபாக்கள் என்ற பிரதிநிதிகளை அவர் நியமித்தார். கடிதங்களும் செய்திகளும் ஸர்க்கார் தபாலில் போகாமல் கூகாக்களின் கைமாறியே வேகமாகச் சென்றன என்று போலீஸ் அறிக்கைகளே கூறுகின்றன. வழக்குகளைப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளரில் சிலர், இவை அரசியல் திட்டங்களல்ல, மதஆசாரத்தின் பகுதிகளே என்றும், ஒத்துழையாமை என்ற பெயர் பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்றும் வாதிக்கிறார்கள். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அந்நியன் கோர்ட்டின் வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று ஒரு குடியானவன் தீர்மானித்துவிட்டால், அவன் அதைத் தன் ஆசாரத்திற்காகச் செய்கிறானா, தேசத்திற்காகச் செய்கிறானா என்பதைப் பற்றி ஸர்க்காருக்குக் கவலையில்லை. அவர்கள் பயந்தது அந்தத் தீர்மானத்தைக் கண்டே.

நிற்க, கூகாக்களின் குற்றங்களையும் மறைக்கலாகாது. ஆவேசம் மிக்க சிலர் கிராமங்களில் சமாதிகளையும் சிறு கோயில்களையும் இடித்துச் சிறை சென்றார்கள். அதனினும் கொடியது 1871-ல் நடந்தது. சீக்கியர் ஆட்சியில் தடுக்கப்பட்டிருந்த பசுவதை, ஆங்கிலேயர் வந்தபின் அனுமதிக்கப்பட்டு, அமிர்தசரஸ் நகரத்திலேயே கசாப்புச்சாலை ஏற்பட்டது. ஹிந்துக்களும் சீக்கியர்களும் கொதித்தனர். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் ஓரிரவு, கூகாக்கள் சிலர் அங்கே புகுந்து நான்கு கசாப்புக்காரர்களை வெட்டிக் கொன்றனர். அடுத்த மாதம் ராயக்கோட்டிலும் அவ்வாறே நடந்தது. அமிர்தசரஸ் வழக்கில் போலீஸார் முதலில் குற்றமற்றவர்களைப் பிடித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தனர். நிரபராதிகள் சாகலாகாது, செய்தவர்களே போய்ச் சரணடையவேண்டும் என்று ராம் ஸிங் கட்டளையிட்டதாகவும், அவர்கள் அவ்வண்ணமே சென்று தூக்குமேடை ஏறியதாகவும் கூகாக்கள் சொல்கின்றனர். அந்தத் துணிவு பெரிதுதான். ஆனால் நள்ளிரவில் வெட்டுண்டவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காகத் தொழில் செய்த ஏழை முஸ்லிம்கள். கசாப்புச்சாலைக்கு அனுமதி கொடுத்த அதிகாரி தன் பங்களாவில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். இந்தக் கொலைகளைத் தேசத்தொண்டு என்று புகழ்வோருடன் நாம் சேரமாட்டோம்.

1872-ஆம் வருஷம் ஜனவரியில் மாகித் திருநாளுக்குப் பெருங்கூட்டம் பைணியில் கூடிற்று. மலேர்கோட்லா என்னும் முஸ்லிம் சமஸ்தானத்தில், ஒரு கூகாவின் கண்முன்னே அதிகாரி ஒருவர் வேண்டுமென்றே எருதொன்றை வெட்டுவித்தார் என்ற செய்தி கூட்டத்தில் பரவியது. ஹீரா ஸிங், லெஹ்னா ஸிங் என்ற இருவரின் தலைமையில், நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்கள் பழிவாங்கப் புறப்பட்டனர். ராம் ஸிங் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார்; கேட்பாரில்லை. இவர்கள் தம் சொல்லை மீறிவிட்டார்கள் என்று அவரே போலீஸாருக்குத் தெரிவித்தார். அவருடைய வாழ்க்கையிலேயே மிகவும் துயரமான கட்டம் இதுவென்று நாம் எண்ணுகிறோம். ஒரு சொல்லால் ஆயிரக்கணக்கானவர்களின் குடியையும் புகையையும் ஒழித்தவருக்கு, அதே மனிதர்களில் நூறு பேரை ஒரு பகல் நிறுத்திவைக்க முடியவில்லை.

கூட்டத்தார் ஆயுதம் தேடி 14-ந் தேதி மலௌத் கோட்டையைத் தாக்கினர். மறுநாள் மலேர்கோட்லாவில் புகுந்தனர். தடியும் கோடரியுமே பெரும்பாலோர் கையிலிருந்தவை. கொத்தவால் உள்ளிட்ட சிலரும், கூகாக்களில் சிலரும் மாண்டனர். எஞ்சியோர் பாட்டியாலா எல்லைக்குட்பட்ட ரூர் கிராமத்தில் பிடிபட்டனர். மொத்தம் 68 பேர். அவர்களில் இருவர் ஸ்திரீகள்.

லூதியானாவின் டிப்டி கமிஷனர் கோவன் என்பவர், 17-ந் தேதி, விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமின்றி, 49 பேரை மலேர்கோட்லா மைதானத்தில் பீரங்கி வாயில் நிறுத்திச் சுட்டுச் சிதறடித்தார். அண்டைச் சீக்கிய சமஸ்தானங்களிலிருந்து வந்த பீரங்கிகளும் அதற்குப் பயன்பட்டன என்பதைச் சொல்லவே நா கூசுகிறது. ஐம்பதாவது ஆள் கட்டைத் திமிறிக்கொண்டு பாய்ந்து கோவனின் தாடியைப் பற்றினான்; அவனை அங்கேயே வாளால் வெட்டித் தள்ளினார்கள். தண்டனையை நிறுத்திவைக்கும்படி மேலதிகாரியான கமிஷனர் பார்ஸைத் எழுதிய கடிதம் இடையில் வந்து சேர்ந்தும் கோவன் நிறுத்தவில்லை. அந்த பார்ஸைத்தோ மறுநாள் தாமே வந்து, ஒருவகை விசாரணை நடத்தி, மிச்சமிருந்த 16 பேரையும் அதே பீரங்கிகளுக்கு இரையாக்கினார்.

மலேர்கோட்லாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். குரு கோவிந்த ஸிங்கின் பாலகர்கள் இருவரையும் ஸர்ஹிந்தில் கொல்லத் துணிந்தபோது, அது தகாதென்று எதிர்த்துப் பேசியவர் இவ்வூர் நவாப் ஷேர் முகம்மது கான். 1947-ல் பஞ்சாப் முழுவதும் இரத்த ஆறு ஓடியபோதும் இவ்வூர் முஸ்லிம்கள் தீண்டப்படவில்லை; அந்தப் பழைய நன்றியே காரணமென்று சீக்கியர்கள் கூறுகின்றனர். இவ்வூர் ஹிந்து முஸ்லிம் பகைக்குப் பேர்போன ஊரென்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாதென்றே இதைக் குறிப்பிட்டோம்.

பீரங்கிகளின் முழக்கம் கல்கத்தாவரை கேட்டது. வைஸிராய் மேயோ பிரபு பிப்ரவரி 8-ந் தேதி அந்தமானில் ஒரு கைதியால் கொலையுண்டதால், முடிவு செய்யும் பொறுப்பு தற்காலிக வைஸிராயின் தலையில் விழுந்தது. அவர்தாம் சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு. கூவம் முகத்துவாரத்திலுள்ள பாலம் அவருடைய பெயரைத் தாங்கியிருப்பதைச் சென்னைவாசிகள் அறிவார்கள். கோவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பார்ஸைத் அயோத்தி மாகாணத்துக்கு மாற்றப்பட்டார். மறுவருஷமே யார்க்கந்துக்குச் சென்ற தூதுகோஷ்டிக்குத் தலைவராகி, பிறகு ஸர் பட்டமும் பெற்றார். அந்த அற்பத் தண்டனையையும் பொறாமல் கோவனுக்காகப் பரிந்து பேசிய ஆங்கிலேயர் பலர் இந்தியாவில் இருந்தனர். 1919-ல் டயருக்குப் பரிந்தவர்களின் முன்னோர்கள் இவர்களே.

கொலைகாரரைக் காட்டிக்கொடுத்த ராம் ஸிங்குக்குக் கிடைத்தது என்ன? ஜனவரி மாதத்திலேயே அவரைப் பைணியில் கைதுசெய்து அலகாபாத்துக்கும், பிறகு ரங்கூனுக்கும் கொண்டுபோனார்கள். குற்றச்சாட்டு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பும் இல்லை. 1818-ஆம் வருஷத்து மூன்றாவது ரெகுலேஷன் ஒன்றே போதுமானதாயிருந்தது. 1907-ல் லாலா லஜபதி ராயையும் அஜித் ஸிங்கையும் மாந்தலேக்கு அனுப்பிய சட்டமும் இதுவே. பத்து வருஷங்களுக்கு முன் டில்லியின் கடைசி பாதுஷா பஹதூர் ஷா உயிர்விட்ட ஊருக்கு இப்பொழுது பைணித் தச்சரின் மகன் கைதியாக வந்து சேர்ந்தார்.

ரங்கூனிலிருந்து அவர் எழுதிய கடிதங்களைச் சீடர்கள் காவலை ஏமாற்றிப் பஞ்சாபுக்குக் கொண்டுவந்தனர். ஆசாரத்தைக் கைவிடாதீர்கள், ஜபத்தை நிறுத்தாதீர்கள் என்பதே அவற்றின் பெரும்பகுதி. வடக்கிலிருந்து ருஷியர் வருவர், ஆங்கிலேயர் ஆட்சி கவிழும் என்ற எதிர்பார்ப்பும் அவற்றில் தெரிகிறது. குருசரண் ஸிங் என்ற கூகா மத்திய ஆசியாவுக்குச் சென்று ருஷிய அதிகாரிகளுக்கு விண்ணப்பங்கள் கொடுத்ததும் உண்டு, ருஷியர் அசையவில்லை. 1880-ல் ஸர்க்கார் ராம் ஸிங்கை இன்னும் தொலைவில், தென்கோடியிலிருந்த மெர்குயித் துறைமுகத்துக்கு மாற்றிற்று.

அக்கடிதங்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது; சீக்கியருக்கும் கூகாக்களுக்கும் நடுவிலுள்ள வழக்கு முழுவதும் அதைச் சுற்றியே நிற்கிறது. குரு கோவிந்த ஸிங் 1708-ல் நாந்தேடில் மறைந்தார், அவருக்குப்பின் கிரந்தமே குரு என்பது சீக்கியர் கொள்கை. கூகாக்களோ, அவர் மறையவில்லை, அஜாபால் ஸிங் என்ற பெயருடன் 1812 வரை வாழ்ந்து பாலக் ஸிங்குக்குப் பட்டம் அளித்தார், ராம் ஸிங் பன்னிரண்டாவது குரு என்று நம்புகின்றனர். ஆனால் ராம் ஸிங் தம் கடிதங்களில், தாம் குருவல்லர், கிரந்தமே குரு, தாம் வெறும் ஊழியன் என்று பன்முறை எழுதியிருக்கிறார். சீக்கியர் இதைக் காட்டி வழக்கு முடிந்தது என்கிறார்கள். தன்னைக் குருவென்று சொல்லிக்கொள்ளாததே குருவின் லக்ஷணம் என்பது கூகாக்கள் தரும் பதில். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் வாய்திறந்து வேண்டாமென்ற பட்டத்தைச் சீடர்கள் அவர் தலையில் சூட்டினார்கள். அவர் செய்யாதேயுங்கள் என்ற கொலையை ஸர்க்கார் அவர் தலையில் சுமத்திற்று.

1885-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி ராம் ஸிங் மெர்குயியில் காலமானார் என்பது ஸர்க்கார் தஸ்தாவேஜு. நாமதாரிகள் அதை ஏற்கவில்லை. அவருடைய இளைய சகோதரர் புத் ஸிங், ஹரி ஸிங் என்ற பெயருடன் பைணியில் பொறுப்பேற்றார். 1906-ல் பிரதாப் ஸிங்கும், 1959-ல் ஜகஜித் ஸிங்கும் அவ்விடத்துக்கு வந்தனர். பைணி வாசலில் போலீஸ் காவல் பல்லாண்டு நீடித்தது. ராம் ஸிங் உயிரோடிருக்கிறார், திரும்பி வருவார் என்னும் நம்பிக்கையுடன் நாமதாரிகள் இன்றும் பிரார்த்தனை செய்துவருகிறார்கள்.