சு. கரிவரதன்

சு. கரிவரதன் (சுந்தரம் கரிவரதன், 1954 – 1995) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும் பந்தயக் கார் வடிவமைப்பாளரும் ஆவார். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர் இவரே. செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்த மோட்டார் பந்தயத்தைப் பிறரும் எட்டக்கூடிய விளையாட்டாக மாற்றியதில் இவருடைய பங்கு பெரிது. பந்தய உலகில் கரி என்றே அறியப்பட்டார்.

கரி என்பது யானையைக் குறிக்கும் சொல். யானைக்கு வரமளித்த திருமாலைக் குறிக்கும் இப்பெயர், காஞ்சிபுரத்து அத்திகிரி வரதராசப் பெருமாளையும் நினைவூட்டுவது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றிக் கரிவர்தன் எனவும் எழுதப்படுகிறது.

பின்னணி

கரிவரதன் கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். 1910-இல் குப்புசாமி நாயுடு தொடங்கிய இந்நிறுவனம் அந்நகரின் பழமையான பஞ்சாலைகளுள் ஒன்று. பஞ்சாலைகள் பெருகியபோது அவற்றுக்கான உதிரிப் பாகங்களைச் செய்யும் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் பெருகின. பின்னர் அங்கேயே மின்மோட்டார்களும் நீரேற்று இயந்திரங்களும் செய்யப்பட்டன. ஜி. டி. நாயுடு போன்றோர் உருவாகியதும் இச்சூழலில்தான். ஒரு பொருள் கிடைக்காவிட்டால் அதைத் தாமே செய்துகொள்வது அந்நகரத்தின் வழக்கம். கரிவரதனின் பணியை விளங்கிக்கொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

சோழவரம் காலம்

அக்காலத்தில் தென்னிந்தியாவின் முதன்மையான பந்தயக் களம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம் ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம் 1950கள் முதல் பந்தயங்களை நடத்தி வந்தது. கரிவரதனும் அங்கே போட்டியிட்டுப் பெயர் பெற்றார்.

இந்தியச் சந்தையில் அந்நாளில் கிடைத்த கார்கள் மிகச் சில. 1489 கன செ.மீ. எஞ்சின் கொண்ட அம்பாசடர், 1089 கன செ.மீ. எஞ்சின் கொண்ட பிரீமியர் பத்மினி ஆகியவையே பெரும்பாலும் சாலைகளில் ஓடின. பந்தயத்தில் ஈடுபட விரும்பியவர் இவற்றுள் ஒன்றை வாங்கி மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பின்னிருக்கைகளும் உள்ளலங்காரங்களும் கழற்றப்பட்டு எடை குறைக்கப்பட்டது. சிலிண்டர் தலை சீவப்பட்டு அழுத்த விகிதம் உயர்த்தப்பட்டது. கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் மாற்றப்பட்டன. இம்மாற்றங்களுக்கு எல்லை இல்லை. எவர் அதிகம் செலவிட்டாரோ அவர் காரே விரைந்தது. மறுபுறம், பெரும் வரி செலுத்தி வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்வோரும் இருந்தனர். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் நிறுவனத்தின் பழைய ஃபார்முலா 1 காரைச் சோழவரத்தில் ஓட்டினார். அத்தகைய காருக்கு எதிரே தன் வீட்டுப் பத்மினியைக் கொண்டுவரும் இளைஞரின் திறமையை அளக்க வழியே இல்லை.

ஃபார்முலா மாருதி

இச்சிக்கலுக்கு உலகின் பிற பகுதிகளில் ஏற்கெனவே ஒரு தீர்வு காணப்பட்டிருந்தது. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு 1960களில் ஃபார்முலா வீ பந்தயங்கள் தொடங்கின. இங்கிலாந்தில் ஃபோர்டு எஞ்சினைக் கொண்ட ஃபார்முலா ஃபோர்டு 1967-இல் தொடங்கியது. சாதாரணக் காரின் மலிவான எஞ்சின், அனைவருக்கும் ஒரே விதி என்பதே இவற்றின் அடிப்படை.

இந்தியாவில் அத்தகைய எஞ்சின் 1983 டிசம்பரில் வந்தது. அம்மாதம் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரில் 796 கன செ.மீ. கொள்ளளவுடைய மூன்று சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அதன் ஆற்றல் 40 குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவே. பந்தயத்துக்கு இது போதாது என்று தோன்றக்கூடும். ஆனால் இந்த எஞ்சின் எடை குறைந்தது. நாடெங்கும் அதற்கு உதிரிப் பாகங்கள் கிடைத்தன. ஊர்தோறும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் உருவாகிவிட்டனர்.

வேறொரு வசதியும் இருந்தது. அம்பாசடரிலும் பத்மினியிலும் எஞ்சின் முன்புறம் இருக்க, நீண்ட தண்டு ஒன்றின் வழியே பின்சக்கரங்களுக்கு விசை செல்லும். மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் குறுக்குவாட்டில் ஒரே தொகுப்பாக அமைந்து, அங்கிருந்தே இரு சக்கரங்களுக்கும் அச்சுகள் பிரியும். இத்தொகுப்பை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், நீண்ட தண்டு இல்லாமலேயே பின்சக்கர இயக்கமுள்ள பந்தயக் கார் கிடைத்துவிடும். எடையின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் அமைவதால் வளைவிலிருந்து வெளியேறும்போது பிடிமானமும் கூடும்.

கரிவரதன் பின்பற்றிய வழி இதுவே. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகமும் கண்ணாடி இழையாலான மெல்லிய மேலுடலும் கொண்டு 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி உருவானது. ஏறத்தாழ 650 கிலோகிராம் எடையுள்ள குடும்பக் காரை இழுத்த அதே எஞ்சின், அதைவிட மிக இலகுவான ஒற்றை இருக்கைக் காரை இழுத்தபோது அதன் இயல்பே மாறியது. விபத்தில் சட்டகம் நெளிந்தால் உள்ளூர்ப் பட்டறையிலேயே நிமிர்த்த முடிந்தது. இறக்குமதிக் காரில் ஒரு பாகம் உடைந்தால் அவ்வாண்டுப் போட்டிகளையே மறக்க வேண்டியிருந்த நிலையோடு ஒப்பிட்டால், இதுவே இக்காரின் மிகப்பெரிய சிறப்பு எனலாம். அனைவரும் ஏறத்தாழ ஒரே காரை ஓட்டியதால் வெற்றி தோல்வியை ஓட்டுநரின் கையும் காலும் தீர்மானித்தன.

இருங்காட்டுக்கோட்டை

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியில் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம் ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமுள்ள நிலையான பந்தயத் தடத்தை அமைத்தது. இது 1990-இல் திறக்கப்பட்டது. ஓடுதளத்தின் நேர்கோடுகளில் எஞ்சின் ஆற்றலே வென்றது. இப்புதிய தடத்தின் வளைவுகளிலோ குறைந்த ஆற்றலுள்ள காரும் நல்ல ஓட்டுநரை அடையாளம் காட்டியது. ஃபார்முலா மாருதி தழைக்க இத்தடம் பெரிதும் துணைநின்றது.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 1990களின் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதியிலேயே தம் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 2010-இல் ஃபார்முலா 1-ஐ அடைந்த சென்னையின் கருண் சந்தோக் 2000-இல் தொடங்கியதும் இதே வகைக் காரில்தான். ஃபார்முலா 1 வரை சென்ற இந்தியர் இவ்விருவர் மட்டுமே. இவ்விருவருக்கும் முதற்படி 796 கன செ.மீ. எஞ்சின் என்பது குறிப்பிடத்தக்கது.

மறைவும் நினைவும்

கரிவரதனுக்கு வானூர்திகளிலும் ஈடுபாடு இருந்தது. 1995-இல் நிகழ்ந்த விமான விபத்தில் தமது 41-ஆம் அகவையில் உயிரிழந்தார். நரேன் ஃபார்முலா 1-ஐ எட்டியதை அவர் காணவில்லை.

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. பந்தயத் தடத்துக்கு அவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது. அங்கு ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களிலும் மாருதி நிறுவனத்தின் 1.3 லிட்டர் எஞ்சினே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தப்பட்டுள்ளது.