ஆனந்தரங்கர்: கோவையும் குறிப்பேடும்

கோவை நூலுக்குப் பாட்டுடைத் தலைவன் ஒருவன் வேண்டும். களவும் கற்பும் துறை துறையாக விரியும்போது, அவனுடைய ஊரும் கொடையும் கொடிவழியும் இடையிடையே வந்து ஒளிவிட வேண்டும். பாண்டியரும் சோழரும் மறைந்த பின்னர் இத்தலைமை குறுநில மன்னருக்கும் பாளையக்காரருக்கும் வந்தது; பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடற்கரைப் பட்டினத்து வணிகருக்கும் வந்து சேர்ந்தது. தியாகராய தேசிகர் பாடிய ஆனந்தரங்கன் கோவைக்குத் தலைவர், புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பனிக்குத் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. தமிழில் மட்டுமன்று, வடமொழியில் சீனிவாச கவி 1752இல் ஆனந்தரங்க விஜய சம்புவை இயற்றினார். தெலுங்கில் கஸ்தூரி ரங்கக் கவி ஒரு யாப்பிலக்கண நூலுக்கே அவர் பெயரைச் சூட்டினார். மும்மொழிப் புலவர்களும் ஒருவரைச் சூழ்ந்து நின்று புகழ் நிறுத்த முயன்ற காட்சி அது.

அந்த மாளிகையிலேயே வேறொரு நூலும் நாள்தோறும் வளர்ந்துகொண்டிருந்தது. அதனை ஒரு நூல் என்று புலவர்கள் எவரும் மதித்திருக்க வழியில்லை. எழுதியவரே அவ்வாறு எண்ணினாரா என்பது ஐயம்.

ஆனந்தரங்கர் பிறந்தது 1709 மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பெரம்பூரில். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகர். தந்தையின் மைத்துனர் நயினியப் பிள்ளை புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக இருந்தார்; அவர் அழைப்பின்பேரில் குடும்பம் அங்குக் குடியேறியது. துபாசி என்னும் சொல்லுக்கு இருமொழியாளர் என்பதே பொருள். ஆயினும் மொழிபெயர்ப்பு அப்பதவியின் சிறுபகுதியே. துணி நெய்விப்பதும், முன்பணம் கொடுப்பதும், நவாபுகளுக்குக் கடிதம் போக்குவதும், ஊர்க்குடிகளின் வழக்கைத் துரையிடம் எடுத்துரைப்பதும், துரையின் ஆணையை ஊர்க்குடிகளிடம் கொண்டு சேர்ப்பதும் துபாசியின் வேலைகளே. இரு பக்கத்துக்கும் இன்றியமையாதவர். ஆதலால் இரு பக்கத்தின் சினத்துக்கும் இலக்கானவர்.

இவ்வுண்மையை ஆனந்தரங்கர் ஏழு வயதிலேயே தம் குடும்பத்தில் கண்டார். 1716இல் ஆளுநர் எபேர் நயினியப் பிள்ளையைச் சிறையிலிட்டார். கசையடியும் சொத்துப் பறிமுதலும் தண்டனைகளாயின. மறு ஆண்டு அவர் சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப் பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்குச் சென்று முறையிட்டு, கிறித்தவம் தழுவி, செவாலியே பட்டமும் தலைமைத் துபாசிப் பதவியும் பெற்றுத் திரும்பினார். 1724இல் அவரும் மறைந்தார். துபாசியின் நாற்காலி எத்துணை உயரமானது, எத்துணை எளிதில் கவிழ்வது என்பதைக் காட்ட இக்குடும்பக் கதை ஒன்றே போதும்.

1726இல் தந்தை இறந்தபின் இளைஞரான ஆனந்தரங்கருக்குக் கைகொடுத்தவர் ஆளுநர் லெனுவார். பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. வணிகம் பெருகியது, ஆனந்தப் புரவி என்று தம் பெயர் சேர்த்துப் பெயரிட்ட கப்பலொன்றும் அவருக்கு உரிமையாயிற்று. இன்று ரங்கப்பிள்ளை வீதி என வழங்கும் தெருவில் அவர் எழுப்பிய இல்லத்தில், கீழ்த்தளத்தில் சிற்ப வேலைப்பாடுடைய மரத்தூண்கள் நிற்கும். மேல்தளத்தில் ஐரோப்பிய முறையிலமைந்த வெண்சுதைத் தூண்கள் நிற்கும். இரண்டு உலகங்களை ஒரு கூரையின்கீழ் அடுக்கி வாழ்ந்த ஒருவருக்கு இதனினும் பொருத்தமான வீடு அமைந்திருக்க முடியாது.

1736 செப்டம்பர் 6ஆம் நாள், தம் இருபத்தேழாம் வயதில், அவர் குறிப்பெழுதத் தொடங்கினார். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல் வந்ததையும் போனதையும், புதுமையாக நிகழ்ந்தவற்றையும் எழுதி வைப்பதென்பது தொடக்கத்திலேயே அவர் வகுத்துக்கொண்ட எல்லை. அவ்வெல்லை அடக்கமானது, ஆனால் அதற்குள் ஒரு நகரமே அடங்கியது. ஆளுநர் துய்மா நாணயம் அடிக்கும் உரிமை பெற்றது, 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1740இல் மராட்டியப் படை ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியைக் கொன்றது, அவர் குடும்பத்தார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தது எல்லாம் அடுத்தடுத்துப் பதிவாயின. கப்பல் வந்தால் கோட்டையில் எத்தனை பீரங்கி முழங்கின என்பதும் எண்ணப்பட்டது. ஏழைமக்களை வஞ்சித்துக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையும் அவ்வேடுகளில் இடம்பெற்றது. அரசாங்கத்தார் தம் அறிக்கைகளில் விரித்தெழுத விரும்பாத செய்தி அது.

அன்றாடம் காலையில் துரை மாளிகைக்குச் செல்வார். அங்கு நடந்த உரையாடல்களைக் கேட்பார். பின்னர்த் தம் பாக்குக் கிடங்குக்கு வந்து அமர்வார். நூற்றுக்கணக்கான நாள்களின் குறிப்பில் இந்தப் பாக்குக் கிடங்கு வருகிறது. ஆர்க்காட்டுச் செய்தியும் தில்லிச் செய்தியும் தேடி வந்தது அங்கேதான். தென்னிந்திய அரசியலின் ஒரு கேந்திரம் கொட்டைப்பாக்கு மணத்துக்கிடையே இயங்கியதென்பதை வேறெந்த வரலாற்று நூலும் நமக்குச் சொல்லியிராது.

அவருடைய உரைநடை புலவர் நடை அன்று. நாளும் கிழமையும் தமிழ் ஆண்டின் பெயரோடு வரும். அடுத்த வரியில் பாரசீகச் சொல்லும் போர்த்துகேசியச் சொல்லும் பிரெஞ்சுப் பெயரும் கலந்து வரும். வாக்கியம் பேச்சின் போக்கிலேயே நீளும். இலக்கணம் வல்லார் இதைக் கொச்சை என்று ஒதுக்கலாம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு வணிகர் எவ்வாறு பேசினார், எவ்வாறு சினந்தார், எதைக் கண்டு வியந்தார் என்பதைச் செய்யுளில் தேடிக் காண இயலாது. கோவையில் அவர் மேகத்தை வென்ற கையர். குறிப்பேட்டில் அவர் வராத பணத்துக்காக வருந்துபவர், சாதகம் பார்த்து நல்ல காலம் எப்போது பிறக்குமெனக் கணக்கிடுபவர், துரை தம்மைப் பாராட்டியதைச் சொல் குறையாமல் எழுதி வைத்து மகிழ்பவர். இந்தத் தற்பெருமை சில இடங்களில் வாசகரைப் புன்னகைக்க வைக்கும். அதனை அவர் மறைக்காமல் விட்டதே நூலின் நம்பகத்துக்கு ஒரு சான்று.

1742இல் துய்ப்ளே ஆளுநரானார். அதன்பின் குறிப்புகளின் வேகமே மாறுகிறது. 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாசி கனகராய முதலியார் மறைந்தார். அவர் கிறித்தவர், அப்பதவி கிறித்தவருக்கே உரியதென்று பாதிரிமார் வாதிட்டனர். போட்டியிட்டோர் சிலர்; துய்ப்ளேயின் மனைவியார் ழானும் ஆனந்தரங்கரை விரும்பவில்லை. இவ்வம்மையார் புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் அறிந்தவர், தமக்கென ஒற்றர்களையும் வைத்திருந்தவர். துபாசியின் வாய்வழியாக மட்டுமே துரைக்குச் செய்தி போக வேண்டுமென்னும் நிலையை அவர் ஒருவரே உடைக்க வல்லவராயிருந்தார். ஆனந்தரங்கர் அவரைப் பற்றி எழுதிய பக்கங்களில் கசப்பு மிகுதி. பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் அக்கசப்பை அப்படியே உண்மையெனக் கொண்டு அம்மையாரைப் பேராசையின் வடிவமாகத் தீட்டினர். போட்டியாளர் ஒருவரின் சாட்சியம் இது என்பதை அவர்கள் மறந்தனர். அம்மையார் நாட்குறிப்பு எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆனந்தரங்கர் எவ்வாறு தோன்றியிருப்பாரோ!

எதிர்ப்புகளைக் கடந்து 1747இல் தலைமைத் துபாசிப் பதவி அவருக்குக் கிட்டியது. இதற்கிடையே 1746 செப்டம்பரில் லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றியிருந்தார். தாம் பிறந்த ஊரை அடுத்த கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்ததையும், அதனைப் பிடித்தவருக்கும் துய்ப்ளேக்கும் மூண்ட பகையையும், அக்டோபர்ப் புயலில் கப்பல்கள் சிதைந்ததையும் ஆனந்தரங்கர் அருகிலிருந்து பதிவு செய்தார். பின்னர் முசபர் சங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு உரிய மன்சப்தார் சிறப்பையும் செங்கற்பட்டுச் சாகீரையும் வழங்கினார். பல்லக்கில் மேளதாளத்தோடு துரை மாளிகை முற்றம்வரை செல்லும் உரிமையும் அவருக்கிருந்தது. புலவர்கள் பாடியது இந்த ஆனந்தரங்கரை.

1748ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தளபதி பாசுகாவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். நகரம் வீழவில்லை. ஆனால் முற்றுகையின் நடுவே, செப்டம்பர்த் திங்களில், சம்பாக் கோயில் எனப்படும் கிறித்தவ ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பாதிரிமார் பல்லாண்டுகளாக வற்புறுத்தியும் முந்தைய ஆளுநர்கள் இணங்காத செயல் அது. போர்க்காலம் வழி திறந்தது. அந்நாள்களின் குறிப்பு முழுநூலிலும் கனமான பகுதி. ஊர்ப் பெரியோர் ஓடி வருகின்றனர். பெரியோர்க்குள் ஒற்றுமை இல்லை. உற்சவத் திருமேனிகளையாவது காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டு செல்ல விடுமாறு வேண்டுகின்றனர். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் கேர்து என்பவர் கருவறை இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்ததாகக் குறிப்பு சொல்கிறது. இந்தக் கேர்துவின் பெயர் மொழியியல் பயில்வோருக்குப் புதிதன்று. வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இல், வில்லியம் சோன்சுக்கும் முன்பே, எடுத்துக்காட்டியவர் அவர். அறிஞர் வரலாறு அவரைப் பாராட்டுகிறது. துபாசியின் ஏடு அவர் கையில் சம்மட்டியைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் காலம் தன் முழு முகத்தோடு தெரிகிறது.

இப்பகுதியில் வாசகர் மனத்தில் எழும் வினா ஒன்றுண்டு. நகரத் தமிழருக்குத் தலைவராயிருந்தவர், துரையின் செவிக்கு மிக அருகிலிருந்தவர், என்ன செய்தார்? பாதிரிமாரையும் அம்மையாரையும், உறுதியின்றி நடந்துகொண்ட ஊர்ப் பெரியோரையும் அவர் குறை கூறுகிறார். கோயில் போயிற்றே என்னும் துயரம் உண்மையானது. ஆனால் பதவியைத் துறந்து வெளியேறும் எண்ணம் அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. நயினியப் பிள்ளையின் சிறை அவர் நினைவில் இருந்திருக்கும். மன்சப்தார் பட்டமும் பல்லக்கும் ஒரு கோயில் சுவரின் ஒரு கல்லைக்கூடக் காக்கப் போதவில்லை என்பதை அவர் அறிந்தே எழுதினார் என்றுதான் கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் அவருடைய தோல்வி யாருக்கும் தெரிந்திராது. கோவையில் இந்நிகழ்ச்சிக்கு ஏற்ற துறை இல்லை.

1754இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் கப்பலேறிச் சென்றவர் 1763இல் வறியவராகப் பாரிசில் இறந்தார். ஆனந்தரங்கரின் செல்வாக்கும் அவரோடு சரிந்தது. நிலுவைக் கணக்குகள் எழுந்தன. 1756இல் தலைமைத் துபாசிப் பதவி கை நழுவியது. மனைவி மங்கத்தாயம்மாளும் அவ்வாண்டிலேயே மறைந்தார். உடல் நலிந்தது. இருப்பினும் எழுத்து நிற்கவில்லை. 1758இல் வந்த லாலியின் கடுமையும், 1760 சனவரியில் வந்தவாசியில் ஏற்பட்ட தோல்வியும், இரண்டாம் முற்றுகையில் நகரத்தை வாட்டிய பசியும் அவர் இறுதி ஆண்டுகளின் சூழல். உணவு குறைந்தபோது லாலி தமிழ்க் குடிகளை நகரத்தினின்று வெளியே துரத்தினான். 1761 சனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே திங்களில்தான் ஆனந்தரங்கரும் கண்மூடினார். வயது ஐம்பத்தொன்று. வெற்றியாளர் கோட்டையையும் வெள்ளையர் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர்.

குறிப்பெழுதும் வழக்கத்தை அவர் குடும்பத்தார் மேலும் சில காலம் தொடர்ந்தனர். ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். தமிழறிந்த அரியேல் எடுப்பித்த படி பாரிசுத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் தம் நாட்டுச் சாமுவேல் பெப்பீசோடு இவரை ஒப்பிட்டு மகிழ்ந்தனர். பெப்பீசு எழுதியது ஒன்பது ஆண்டு, அதுவும் பிறர் படிக்கலாகாதெனச் சுருக்கெழுத்தில். ஆனந்தரங்கர் எழுதியது இருபத்துநான்கு ஆண்டுக்கு மேல், ஊரார் படிக்கும் எழுத்தில்.

பிரெஞ்சில் வின்சோன் சில பகுதிகளை 1894இல் வெளியிட்டார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டு வந்தது. தமிழில் எழுதப்பட்ட நூல் தமிழில் தொகுதி தொகுதியாக அச்சேற 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஞானு தியாகு அப்பணியைத் தொடங்கி வைத்தார். பிரபஞ்சன் இவ்வேடுகளைக் கொண்டு மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய புதினங்களைப் படைத்தார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கோவையைப் புலவர் சிலரே இன்று புரட்டுகின்றனர். குறிப்பேட்டிலோ இடைவெளிகள் உண்டு. சில காலப்பகுதிகளுக்கு உரிய ஏடுகள் காணாமற்போயின. அந்நாள்களில் எத்தனை கப்பல்கள் வந்தன, பாக்குக் கிடங்குக்கு யார் யார் வந்து என்ன சொல்லிப் போயினர் என்பது அவற்றோடு போயிற்று.