கதிரை அளந்த கிரே

துணியை மீட்டரில் அளக்கிறோம். அரிசியை கிலோவில் நிறுக்கிறோம். புற்றுநோயாளியின் உடலுக்குள் செல்லும் கதிர்வீச்சை எப்படி அளப்பது? அதற்கும் ஓர் அலகு உண்டு. அதன் பெயர் 'கிரே'. அது ஓர் இயற்பியல் அறிஞரின் பெயர்.

லூயிஸ் ஹெரால்டு கிரே, 1905ம் ஆண்டு லண்டனில், எளிய குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்றுப் படித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1933ல் மவுன்ட் வெர்னான் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

புற்றுநோய்க் கட்டியை அழிக்க கதிர்வீச்சு உதவும். ஆனால், அளவு குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும். கூடினால் நல்ல உறுப்புகளும் கெட்டுவிடும். ஆரம்ப காலத்தில், தோல் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்தே அளவைக் கணித்தனர். பிறகு, காற்றில் அளந்தனர். கிரேயோ, உடல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பதை அளக்க வழி வகுத்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆக்சிஜன் குறைவாக உள்ள கட்டிகள் கதிர்வீச்சுக்கு எளிதில் அழிவதில்லை என்பதை 1953ல், தன் குழுவினருடன் விளக்கினார். ஒரே அளவு கதிர்வீச்சு எல்லா கட்டிகளிலும் ஒரே பலனைத் தராது என்பது புரிந்தது.

கிரே, 1965ல் காலமானார். ஒரு கிலோ பொருள், ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால், அது ஒரு 'கிரே' என்று 1975ல் பெயரிட்டனர்.

இன்று, ஒவ்வொரு நோயாளியையும் ஸ்கேன் செய்து, கட்டியின் இடத்தையும் வடிவத்தையும் பார்த்து, அவருக்கென்றே தனித் திட்டம் வகுக்கின்றனர் மருத்துவர்கள். அந்தத் திட்டத்தில் எழுதப்படும் அளவு, கிரேயின் பெயரில்தான் இருக்கிறது. சரியாக அளப்பதும் ஓர் உயிர் காக்கும் தொண்டுதானே!